மாணவராய் நின்ற புலவர்

தன்னம்பிக்கையும் செருக்கும் ஒன்றோ என்று, எழுதப் புகும் நம் இளைஞர் சிலர் மயங்குகின்றனர். சீறாப்புராணம் தந்த உமறுப் புலவரை எண்ணினால் நம் மயக்கம் தெளியும்.

எட்டயபுரம் அரண்மனையின் அவைப்புலவர் அவர். தமிழில் அவருக்குக் குறையில்லை. ஆயினும் அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வரலாற்றைப் பாட அரபு மூலங்களின் பொருள் வேண்டியிருந்தது. சதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்கள் முதலில் இணங்கவில்லை என்றும், பின்னர் பரங்கிப்பேட்டையில் ஆலிம் ஒருவரிடம் உரை பெற்றார் என்றும் வழிவழிச் செய்தி கூறும். அவையில் வீற்றிருந்தவர் மாணவராய்க் கைகட்டி நிற்க நாணவில்லை. தம் தமிழில் ஐயம் கொண்டவர்க்கு இது இயலுமா? அத்தகையோர் அறியாமையை மறைக்கவன்றோ முயல்வர்!

ஆதரித்த வள்ளல் சீதக்காதி, காவியம் முடியுமுன் மறைந்தார். ஊக்கம் புறத்திலிருந்து மட்டுமே வருவதாயின் எழுத்தாணி அன்றே ஓய்ந்திருக்கும். பின்னர் அபுல் காசிம் மரைக்காயர் துணை நின்றார். அவரையும் நாம் மறத்தலாகாது. வயிறு வாடப் பாடு என்று புலவனுக்குச் சொல்வது அறமன்று. 5027 பாடல்கள் எழுந்தன. நபிகளாரின் இறுதி ஆண்டுகள் பாடப்படாமலே நின்றன. எஞ்சியதைப் பனீ அகமது மரைக்காயர் 'சின்ன சீறா'வாகப் பாடினார். உமறு நிறுத்திய இடத்தோடு நின்ற அந்நூலையே 1842-இல் ஷெய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் அச்சேற்றினார்.