கோட்டின் தடிமன்

அக்கா மகன் சென்னையில் சுவரில் படம் போடுகிறவன். போன பொங்கலுக்கு வந்தபோது ஒரு பிளாஸ்டிக் பையைத் திண்ணையில் கவிழ்த்தான். சுண்டைக்காய் அளவில் முப்பது நாற்பது நாசில். ஸ்ப்ரே பெயிண்ட் டப்பாவின் தலையில் விரலை வைத்து அமுக்குவோமே, அதுதான். அவன் பாஷையில் ‘கேப்’. “இதுல எதை எடுக்கறதுங்கறதுதான் மாமா பாதி வேலை” என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

விஷயம் இதுதான். டப்பாவுக்குள் பெயிண்டும் வாயுவும் அழுத்தத்தில் அடைபட்டுக் கிடக்கின்றன. வெளியே வர ஒரே வழி கேப்பில் இருக்கும் ஓட்டை. ஓட்டை சிறுசு என்றால் கோடு ஒல்லி. அது ஸ்கின்னி கேப். ஓரம் கட்ட, நுணுக்கமாக வரைய. ஓட்டை பெருசு என்றால் ஃபேட் கேப். உள்ளங்கை அகலத்துக்குக் கோடு விழும். நிரப்புவதற்கும், ஒரே வீச்சில் பெயரைப் போட்டுவிட்டு ஓடுவதற்கும் அதுதான். ஆனால் ஃபேட் கேப்பில் பெயிண்ட் கொட்டும். கை ஒரு நொடி நின்றால் ஒழுகிவிடும். டப்பாவைச் சுவருக்குப் பக்கத்தில் பிடித்தால் கோடு கூர்மை, தள்ளிப் பிடித்தால் ஓரம் புகையாகும். எல்லா கேப்பும் எல்லா டப்பாவிலும் உட்காராது. சில டப்பாவில் தண்டு வால்விலேயே நீட்டிக்கொண்டிருக்கும். சிலதில் டப்பாவில் வெறும் குழி, தண்டு கேப்போடு வரும். வேலை முடிந்ததும் டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து வெறும் வாயு வரும்வரை அமுக்கணும். இல்லாட்டி பெயிண்ட் காய்ந்து அடைத்துக்கொள்ளும். மூக்குக்குக் கைக்குட்டை போதாது, பெயிண்ட் ஆவியைத் தடுக்கும் வடிகட்டி வைத்த முகமூடி வேணும்.

இன்றைக்கு இதெல்லாம் காசு கொடுத்தால் கிடைக்கிறது. 1994-ல் பார்சிலோனாவில் தொடங்கிய மொன்டானா கலர்ஸ் போன்ற கம்பெனிகள் சுவரில் எழுதுகிறவர்களுக்கென்றே டப்பாவும் கேப்பும் செய்கின்றன. ஆரம்பத்தில் அப்படியில்லை. அமெரிக்காவில் எட்வர்ட் சீமோர் 1949-ல் ஸ்ப்ரே பெயிண்டை உண்டாக்கியது, ரேடியேட்டருக்கான அலுமினியப் பூச்சை அடித்துக் காட்டுவதற்கு. அந்த டப்பா வீடு வைத்திருப்பவனுக்கானது. நாற்காலிக்கும் கேட்டுக்கும் அந்த ஓட்டை போதும்.

1970-களில் நியூயார்க்கில் பிராங்க்ஸ், ஹார்லெம், புரூக்ளின் பகுதிகளின் இளசுகள், பெரும்பாலும் கறுப்பினத்தவர், புவேர்ட்டோ ரிக்கர், அதே டப்பாவைத் தூக்கிக்கொண்டு சுரங்க ரயில் பெட்டிகளில் பெயர் எழுதப் போனார்கள். கம்பெனிக்காரன் கொடுத்த ஓட்டை ரயில் பெட்டிக்குப் போதவில்லை. அடுப்பு துடைக்கிற ஸ்ப்ரே, துணிக்குக் கஞ்சி போடுகிற ஸ்ப்ரே, இதுகளின் கேப்பைப் பிடுங்கி பெயிண்ட் டப்பாவில் சொருகினார்கள். கோடு தடித்தது. 1972 வாக்கில் சூப்பர் கூல் 223 என்று எழுதிய பையன் தொடங்கிவைத்தது என்பார்கள். அந்த நாட்டில் கறுப்பினப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வீட்டு அடுப்பைத் துடைத்தவர்கள், அடுத்தவர் துணிக்குக் கஞ்சி போட்டவர்கள். அந்த வேலைக்கான டப்பாவின் தலையைத் திருகித்தான் பிள்ளைகள் தங்கள் பெயரைப் பெருசாக்கினார்கள். இதை நான் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை.

எழுதியதும் என்ன? பெயரும் தெரு எண்ணும். 1971-ல் நியூயார்க் டைம்ஸ் எழுதி ஊரறியச் செய்த டாகி 183 கிரேக்க வம்சத்துப் பையன். 183 அவன் தெரு. நமக்குத் தெருவைச் சொன்னாலே சாதி வெளியே வந்துவிடும். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரன் “எந்தத் தெரு தம்பி?” என்று கேட்டால் வாய் மூடிக்கொள்கிறோம். அதுகள் தெருவைப் பெயரோடு சேர்த்தே எழுதின.

1972-ல் நியூயார்க் நகர நிர்வாகம் சுவரெழுத்துக்கு எதிராகச் சட்டம் போட்டது. அதே 1972-ல்தான் பம்பாயில் தலித் பேந்தர்ஸ், அமெரிக்கக் கறுப்புச் சிறுத்தைகளின் பெயரை எடுத்துக்கொண்டு, கிளம்பியது. பெயரைப் பெருசாக எழுதணும் என்ற பசி இரண்டு இடத்திலும் ஒன்றாகத்தான் இருந்திருக்கிறது.

கலையா குற்றமா என்று பட்டிமன்றம் நடத்துவது சுவர் வைத்திருப்பவர்களின் பொழுதுபோக்கு. 1983 செப்டம்பர் 15 அதிகாலையில் மைக்கேல் ஸ்டூவர்ட் என்ற 25 வயதுக் கறுப்பின இளைஞரை, ரயில் நிலையச் சுவரில் எழுதினார் என்று சொல்லி நியூயார்க் போலீஸ் பிடித்தது. நினைவிழந்து ஆஸ்பத்திரிக்குப் போனவர் 28-ம் தேதி செத்தார். 1985-ல் ஆறு போலீஸ்காரர்களும் விடுதலை. ஜூரிகள் எல்லோரும் வெள்ளையர். ஓவியர் பாஸ்கியா அந்தச் சாவை ஒரு சுவரில் வரைந்து வைத்தார். அன்றைக்கு யாரும் கோட்டின் தடிமனை அளக்கவில்லை. பிடித்த கையின் நிறத்தைத்தான் பார்த்தார்கள்.

இதுவரை சொன்னதில் எனக்குச் சங்கடம் எதுவும் இல்லை. சங்கடம் இனிமேல்தான்.

எழுதினால் அழிப்பார்கள். அழிக்கிறது யார்? 1977-ல் கோனி ஐலண்ட் பணிமனையில் ரசாயனத்தைப் பீய்ச்சி ரயிலைக் கழுவத் தொடங்கினார்கள். மூச்சு முட்டுகிறது என்று முறையிட்டவர்கள் அங்கே வேலை செய்த தொழிலாளிகளும் அக்கம்பக்கத்து மக்களும். உத்தரவு போட்ட அதிகாரியின் மூக்குக்கு அந்த நெடி எட்டியிருக்காது.

1991, அம்பேத்கர் நூற்றாண்டு. ஊர்த்தெரு முனையில் பஸ் நிற்கும் இடத்துச் சுவரில், சுண்ணாம்பில் நீலம் கலந்து, முழ உயரத்துக்கு அவர் பெயரை எழுதினோம். நாலு பேர். தூரத்திலிருந்தே தெரியணும், அதுதான் எங்கள் கணக்கு. விடிந்ததும் ஊர்க்காரர்கள் கூப்பிட்டனுப்பியது என் சித்தப்பாவை. ஊருக்கு வெட்டிமை செய்தவர் அவர். சுண்ணாம்பு வாளியையும் மட்டையையும் கொடுத்து நிற்க வைத்து அழிக்கச் சொன்னார்கள். எழுத்து பெருசு, ஆகவே வேலையும் பெருசு. மத்தியானம் வரைக்கும் அடித்தார். நாங்கள் நாலு பேரும் ஏரிக்கரைப் பக்கம் ஒளிந்துகொண்டிருந்தோம். சாயங்காலம் வீட்டுக்கு வந்து பொத்துப்போன கையைக் காட்டினார். “எழுதறதுக்கு முன்னாடி என்ன ஒரு வார்த்த கேட்டீங்களாடா?” என்றார். அவ்வளவுதான். அப்புறம் அதைப் பற்றி அவர் பேசவே இல்லை.

இதை அக்கா மகனிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, “அப்ப எழுதவே கூடாதுங்கிறியா மாமா?” என்றான்.

இல்லை. நாங்கள் எழுதாமல் விட்டிருந்தால் சித்தப்பாவுக்கு அன்றைக்கு ஒருநாள் வேலை மிச்சம், அவ்வளவுதான். மட்டை அவர் கையில்தான் இருந்திருக்கும். அதை அவர் கையில் கொடுத்தது சாதி. சின்னதாக எழுதியிருந்தாலும் அவரைத்தான் கூப்பிட்டிருப்பார்கள். ஆக, தடித்த கோடு தப்பில்லை. அவரிடம் கேட்காதது தப்பு. அதைவிடப் பெரிய தப்பு, அவர் அழிக்கும்போது பக்கத்தில் போய் நிற்காமல் ஒளிந்துகொண்டது. மேடைகளில் எத்தனையோ முறை அந்தச் சுவரைப் பற்றிப் பெருமையாகப் பேசியிருக்கிறேன். சித்தப்பாவின் கையைப் பற்றி இப்போதுதான் எழுதுகிறேன். அவர் செத்து ஆறு வருஷமாகிறது.

கேப்பைக் கையில் எடுக்கிற பிள்ளைகள் ரெண்டு கேள்வி கேட்டுக்கொள்ளணும். எவ்வளவு தூரத்திலிருந்து தெரியணும்? அழிக்கச் சொன்னால் யார் கை வேகும்? முதல் கேள்விக்கு ஃபேட் கேப் பதில் சொல்லிவிடும். ரெண்டாவதற்கு அந்த ஆள் வீட்டுக்குப் போய், உட்கார்ந்து, பேசித்தான் ஆகணும்.

அக்கா மகன் ஃபேட் கேப்புகளைத்தான் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டான். நான் தடுக்கவில்லை.