நிறுத்திய பின்னும் ஓடும் உலை

கடைகளுக்குக் கணக்கு மென்பொருள் எழுதிப் பிழைப்பவன் நான். ஜிஎஸ்டி விகிதம் மாறினால் எனக்கு வேலை வரும். இப்படிப்பட்டவன் ராத்திரி உட்கார்ந்து கணினியில் அணு உலை ஓட்டிக்கொண்டிருந்தால் வீட்டில் கேள்வி வராமல் இருக்குமா? "இதை யாருங்க வாங்குவாங்க?" என்றாள் மனைவி. யாரும் வாங்கமாட்டார்கள். கூடங்குளம் அணுமின் நிலையத்தில் இயக்குநர்களின் பயிற்சிக்கென்று அசல் கட்டுப்பாட்டு அறையைப் போலவே ஒரு கூடம் இருக்கிறது. என் பைத்தான் நிரலுக்கு அங்கே வேலை இல்லை. இந்தக் கிறுக்கு எனக்கு மட்டும் பிடித்ததும் அல்ல. 1981-லேயே கிறிஸ் கிராஃபோர்ட் அட்டாரி வீட்டுக் கணினிக்கு 'ஸ்கிராம்' என்று ஓர் அணுமின் நிலைய விளையாட்டை எழுதிவிட்டார்.

எனக்கு இது வாக்குவாதத்தில் தொடங்கியது. கூடங்குளம் உலைக்கு எதிரான இடிந்தகரைப் போராட்டம் சூடாக இருந்த காலத்தில் கல்யாணம், காதுகுத்து என்று எங்கே போனாலும் சொந்தக்காரர்களில் இரண்டு கட்சி. உலைக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தவர் இரண்டு கட்சியிலும் இல்லை. பிறகு புத்தகங்கள் வாங்கிப் படித்தேன். படித்ததைப் பேசிக்காட்ட முடிந்தது. ஆனால் கேட்பவர் மரியாதைக்குத் தலையாட்டுவார், கணினி ஆட்டாது. புரிந்ததா இல்லையா என்பது எழுதி ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

முதலில் நியூட்ரான் கணக்கு. ஒரு யுரேனியக் கரு பிளந்தால் இரண்டு மூன்று நியூட்ரான்கள் கிளம்பும். அவற்றில் சராசரியாக ஒன்று அடுத்த கருவைப் பிளந்தால் உலை சீராக ஓடும். ஒன்று என்பது 1.001 ஆனால்? ஒரு தலைமுறைக்கு விநாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரம் என்று வைத்துக்கொண்டால் ஒரு விநாடிக்கு 10,000 தலைமுறை. அத்தனை தடவை 1.001-ஐப் பெருக்கினால் கிட்டத்தட்ட 22,000 வரும். ஒரே விநாடியில் திறன் 22,000 மடங்கு! எந்த மனிதக் கையும் இதைப் பிடித்து நிறுத்தாது.

பிடிக்க முடிவதற்குக் காரணம் ஒரு 0.65 சதவீதம். யுரேனியம்-235 பிளவில் வரும் நியூட்ரான்களில் அந்தச் சொற்பப் பங்கு உடனே வருவதில்லை. பிளவுத் துண்டுகள் சிதையும்போது, சில விநாடியோ ஒரு நிமிடமோ பிந்தி வருகிறது. இவற்றை ஆறு கூட்டமாகப் பிரித்து ஆறு சமன்பாடு எழுதுவது வழக்கம். அந்த ஆறு வரிகளையும் நிரலில் சேர்த்தேன். அதே 1.001-க்கு இப்போது திறன் சின்னதாக ஒரு துள்ளல் துள்ளியது. அதற்கு மேல் இரட்டிப்பாக அரை நிமிடத்துக்கும் அதிகமாக எடுத்துக்கொண்டது. உலை ஓட்டுகிறவர்கள் எல்லோரும் இந்தப் பிந்தி வருகிறவர்களை நம்பித்தான் பிழைக்கிறார்கள்.

தாமதம் எப்போதும் இப்படி நம் பக்கம் நிற்பதில்லை. பிளவின் எச்சங்களில் அயோடின்-135 ஒன்று. அதன் அரை ஆயுட்காலம் சுமார் 6.6 மணி நேரம். அது சிதைந்து செனான்-135 ஆகிறது, இதற்கு 9.1 மணி நேரம். நியூட்ரானை விழுங்குவதில் செனானுக்கு இணை சொல்வது கடினம். உலை ஓடும்போது விழுங்கிய நியூட்ரானாலேயே அது வேறொன்றாக மாறி அடங்கிவிடும். உலை நின்றால் அதை அடக்க ஆள் இல்லை, அயோடினோ ஏற்கெனவே இருப்பு இருக்கிறது. அதனால் நிறுத்திய பிறகு செனான் குறையாமல் ஏறும். பத்துப் பதினோரு மணி நேரம் கழித்துத்தான் உச்சம்.

1944 செப்டம்பரில் அமெரிக்காவின் ஹான்ஃபோர்டில் பி உலையைத் தொடங்கியபோது அது சில மணி நேரத்தில் தானாகத் தளர்ந்து நின்றது. பிறகு தானாகவே உயிர் பெற்றது. இயற்பியலாளர்கள் ஃபெர்மியும் வீலரும் கணக்குப் போட்டு, செனான்தான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். 1,500 எரிபொருள் குழாய் போதும் என்றிருந்த இடத்தில் உலையைக் கட்டிய டூபாண்ட் நிறுவனப் பொறியாளர்கள் 2,004 குழாய்களுக்கு இடம் விட்டிருந்ததால் கூடுதல் யுரேனியம் நிரப்பிச் சமாளிக்க முடிந்தது. செர்னோபிலில் அப்படி முடியவில்லை. 1986 ஏப்ரல் 25 அன்று, மின்தேவைக்காக உலையைப் பாதித் திறனிலேயே மணிக்கணக்கில் வைத்திருக்கச் சொன்னார்கள். நள்ளிரவுக்குப் பின் திறன் அடியோடு சரிந்தது. செனான் அழுத்த அழுத்த, இயக்குநர்கள் நியூட்ரானை விழுங்கிப் பிளவைக் கட்டுப்படுத்தும் தண்டுகளை வெளியே இழுத்துக்கொண்டே போனார்கள். அந்த உலையின் வடிவமைப்புக் கோளாறுகள் தனிக்கதை. ஆனால் அந்த இடத்துக்கு உலையைக் கொண்டுவந்து சேர்த்ததில் முந்தைய பகலுக்கும் பங்கு உண்டு.

என் நிரலில் காலத்தை நூறு மடங்கு வேகமாக்கும் பொத்தான் ஒன்று வைத்திருக்கிறேன். அழுத்தினால் செனான் திரையில் வெறும் ஒரு மேடு, ஏழு நிமிடத்தில் உச்சி வந்துவிடும். ஒரு சனிக்கிழமை ராத்திரி அதைத் தொடவில்லை. எரிபொருள் பழசாகிப்போன உலை என்று வைத்துக்கொண்டு, முழுத் திறனில் ஓடியதை நிறுத்திவிட்டுக் கணினியை அணைக்காமல் படுத்தேன். காலையில் காபியோடு வந்து தண்டுகள் அத்தனையையும் மேலே இழுத்தேன். முள் அசையவில்லை. மகள் எட்டிப் பார்த்தாள்.

"ரிப்பேராப்பா?"

"இல்லம்மா. நேத்து ஓடினது இன்னும் தீரல."

"எப்ப ஓடும்?"

"நாளைக்கு."

"அப்ப நேத்து எதுக்கு நிறுத்தினீங்க?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை.

வெப்பம் இதைவிட மோசம். 1,000 மெகாவாட் மின்சாரம் தரும் உலை உள்ளே 3,000 மெகாவாட் வெப்பத்தை உண்டாக்குகிறது. தண்டுகள் விழுந்து பிளவு நின்ற அடுத்த கணமும் அதில் ஆறேழு சதவீதம் மிச்சம், அதாவது 200 மெகாவாட். ஒரு மணி நேரம் கழித்தும் 40 மெகாவாட் இருக்கும். அதை அணைக்க எந்தப் பொத்தானும் கிடையாது. தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஃபுகுஷிமாவில் 2011 மார்ச் 11 அன்று நிலநடுக்கம் வந்ததும் ஓடிய மூன்று உலைகளும் ஒழுங்காக நின்றன. பிறகு சுனாமி வந்து டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது, தண்ணீர் இறைக்க மின்சாரம் இல்லாமல் போனது. நின்ற உலைகள்தான் உருகின. 2004 சுனாமியில் கல்பாக்கம் அணுமின் நிலையத்திலும் கடல்நீர் பம்ப் கூடத்துக்குள் தண்ணீர் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த இரண்டாம் உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது.

அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலைய விபத்தின் கதைதான் மென்பொருள் எழுதுகிறவனுக்கு நெருக்கமானது. 1979 மார்ச் 28 விடியற்காலை நான்கு மணி. ஒரு கோளாறு வந்ததும் உலை சில விநாடிகளில் தானாக நின்றுவிட்டது. அழுத்தத்தைக் குறைக்கத் திறந்த வால்வு ஒன்று திரும்ப மூடாமல் சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறை விளக்கோ மூடியதாகக் காட்டியது. அந்த விளக்கு வால்வோடு இணைக்கப்படவில்லை, வால்வுக்குப் போகும் உத்தரவோடு இணைக்கப்பட்டிருந்தது. தண்ணீர் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியேறியது, எரிபொருளில் பாதி உருகியது. நான் எழுதும்போதும் பொத்தானையும் விளக்கையும் ஒரே மாறியோடு கட்டிவிடுவதுதான் சுலபம். இரண்டு மாறி வைத்தேன். ஒன்று நான் சொன்னது, மற்றது நடந்தது. இரண்டும் வேறுபடும்படி சில சமயம் வால்வு சிக்கிக்கொள்ளவும் ஏற்பாடு செய்தேன்.

இந்த நிரலை எழுதிய பிறகு மற்ற விஷயங்களிலும் நிறுத்திய பின் என்ன நடக்கிறது என்பதில்தான் என் கண் போகிறது. எங்கள் குடும்பத்தில் பாகப்பிரிவினை நடந்தபோது பத்திரம் பதிவானதும் முடிந்தது என்று எல்லோரும் எழுந்து போனோம். அண்ணன் தம்பி பேச்சு நின்றது அதற்கு ஆறு மாதம் கழித்து. ஓய்வு பெறுகிறவருக்குச் சால்வை போர்த்துகிறோம். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவர் எங்கே போய் உட்காருவார் என்று விழாவில் ஒருவரும் பேசுவதில்லை. இதை உவமையாக்கி மேடையேற்ற எனக்கு இஷ்டமில்லை. மனிதர்களுக்கு அரை ஆயுட்காலம் கிடையாது, சிலர் கோபம் குறைவதே இல்லை. ஆனாலும் ஒன்றை நிறுத்தும் முன், நிறுத்திய மறுவாரத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்கும் பழக்கம் எனக்கு வந்திருக்கிறது. கேட்டால் எரிச்சல்படுகிறார்கள்.

கூடங்குளம் வேண்டுமா வேண்டாமா என்று விசேஷங்களில் இன்றும் என்னைக் கேட்கிறார்கள், ஏதோ உலையே கட்டியவன் மாதிரி. என் நிரல் அதற்குத் தீர்ப்புச் சொல்லாது. நின்ற உலைக்கு மூன்றாம் நாள் ராத்திரி தண்ணீர் இறைக்க மின்சாரம் எங்கிருந்து வரும் என்று மட்டும் நான் திருப்பிக் கேட்கிறேன். இரண்டு கட்சியும் அதைத் தெரிந்துகொண்டு சண்டை போடட்டும்.

பைத்தான் தெரிந்தவர்கள் எழுதிப் பாருங்கள். தாமத நியூட்ரானுக்கு ஆறு சமன்பாடு, திறனுக்கு ஒன்று, அயோடினுக்கும் செனானுக்கும் இரண்டு, இவை போதும் தொடங்க. வேகப் பொத்தானை மட்டும் கடைசியில் சேருங்கள்.