பச்சைமாலின் கோல்

வத்திராயிருப்பைக் கடந்து தாணிப்பாறை வழியாக, ஆடி அமாவாசையில் திரள்திரளாகச் சதுரகிரி ஏறும் பக்தர்கள், மலைமீது சுந்தரமகாலிங்கம் ஏன் சற்றுச் சாய்ந்த திருமேனியராய் விளங்குகிறார் என்று வினவும் பிள்ளைகளுக்குப் பச்சைமாலின் கதையைக் கூறுவது வழக்கம். மலையடிவாரத்துக் கோட்டையூரில் பிறந்த ஆயர்குல இளைஞன் அவன். அவன் மனைவி சடைமங்கை, மாமனார் இல்லத்துக்குப் பால் கொண்டுசெல்லும் வழியில் தன்னிடம் கேட்ட துறவி ஒருவருக்கு நாள்தோறும் சிறிது வார்த்துவந்தாள். பால் குறைவதன் காரணத்தைப் பின்தொடர்ந்து சென்று கண்டறிந்த பச்சைமால் அவளை அடித்தான். அவள் இல்லறம் நீங்கிச் சடதாரி என்னும் தெய்வமானாள் என்பர். மனம் நொந்து சித்தர்களுக்குத் தொண்டு புரிந்துவந்த அவன், பிறிதொரு நாள், பசுவின் மடியில் வாய்வைத்துப் பாலருந்திய ஒரு துறவியைக் கண்டு, சினம் மேலிட்டுக் கோலால் அடிக்க, அடிபட்டவர் சிவபெருமானே என்று வெளிப்படுகிறது. அடித்தவனுக்கு அருளும் கிட்டுகிறது.

அற்புதக் கதைகளின் இளம் நாயகர்கள் செய்யும் தெரிவுகளைப் பற்றிய தர்ம விசாரம் இங்கே தொடங்க வேண்டும். கையை ஓங்கிய கணத்தில் பச்சைமால் அறிந்திருந்தது யாது? பசித்த ஒரு துறவி பால் குடிக்கிறார் என்பதே. பின்னர் வாய்த்த தெய்வ தரிசனத்தை முன்னர் விழுந்த அடிக்கு நியாயமாக்குவது, பயனைக் கொண்டு செயலை அளக்கும் பிழையேயாகும். ஆயினும் இத்தலக் கதை ஒரு வகையில் நேர்மையானது: மன்னிப்புக் கிடைத்த பின்னும் அடியின் தழும்பு லிங்கத்தின் சாய்வில் நிலைத்துவிட்டது. சடைமங்கையின்மீது விழுந்த அடிக்கோ அத்தகைய அடையாளம் எதுவும் இல்லை.

விக்கிரமாதித்தன் கதை இதனினும் நுட்பமான வினாவை எழுப்புகிறது. தன்னைக் காளிக்குப் பலியிடக் கருதிய வஞ்சகத் துறவியை, வேதாளத்தின் எச்சரிக்கையால் உண்மையறிந்து, வணங்கும் முறையைக் காட்டச் சொல்லி, அவன் குனிந்த தருணத்தில் அரசன் அவன் தலையை வெட்டுகிறான். வேதாளம் கதைதோறும் அரசனிடம் தர்மசங்கடமான ஒரு கேள்வியைக் கேட்டுத் தீர்ப்பு வாங்கியது. அவனுடைய இந்தச் செயலைப் பற்றி மட்டும் எவரும் அவனிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. 1951இல் வெளிவந்த ‘பாதாள பைரவி’ திரைப்படத்தின் தோட்டக்கார இளைஞனும் ஏறக்குறைய இதையே செய்கிறான். தன் தலையைக் குறிவைத்த மந்திரவாதியைப் பலி கொடுத்துத் தேவியின் பிரதிமையைப் பெற்று, அதன் சக்தியால் மாளிகையும் செல்வமும் அடைந்து, இளவரசியை மணக்கத் தகுதி தேடிக்கொள்கிறான்.

தன்னுயிர் காத்துக்கொள்ளும் உரிமையை எந்தத் தர்ம சாஸ்திரமும் இவர்களுக்கு மறுக்காது. கேள்வி அதற்கப்பால் நிற்கிறது. கொலைகாரன் எழுப்பிய பலிபீடத்தை இடித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியிருந்தால் அது தற்காப்பு. அதே பீடத்தில் அவனையே பலியாக வைத்து, அவன் விரும்பிய வரத்தைத் தான் பெற்றுக்கொண்டவன், அவனுடைய ஆசைக்கும் வாரிசாகிவிடுகிறான். நாயகன் நல்லவன் என்ற நம்பிக்கை ஒன்றே அவ்வரத்தைத் தூய்மையாக்கிவிடுமென்று கதை நம்மைக் கருதச் செய்கிறது. 1947 முதல் ‘அம்புலிமாமா’ போன்ற இதழ்களில் மாயக் கதைகளைப் படித்து வளர்ந்த எத்தனையோ தலைமுறைகளுக்கு இந்த நம்பிக்கை மிக எளிதாகப் படிந்திருக்கக்கூடும்.

இளையோரிடம் முதியோரின் நிதானத்தை எதிர்பார்க்கலாமா, தயங்கி நிற்பவனைக் கொண்டு கதை நடக்குமா என்று கேட்பார் உண்டு. கேள்வி நியாயமானதே. அறியாமையால் அவசரப்பட்டவனைப் பொறுத்துக்கொள்ள மனம் இசைகிறது. ஆனால் பொறுத்தல் வேறு, போற்றுதல் வேறு. பச்சைமால் மனம் நொந்தான் என்று கூறும் கதைசொல்லி அந்த நோவைக் கடந்து மலைமேல் நிகழ்ந்த அற்புதத்துக்கு விரைவது ஏன்? கேட்கும் பிள்ளைகளுள் ஒன்று, பால் கொடுத்ததற்காக அந்த அம்மாளை ஏன் அடித்தான் என்று இடைமறித்தால், அருகிலிருக்கும் பெரியவர் கதையைச் சற்றே நிறுத்தி, அவன் செய்தது தவறு என்று வாய்விட்டுச் சொல்லிய பிறகே மேலே செல்லலாம்.