அணை உடைந்தால் பொறுப்பு யாருக்கு?

வெள்ளம் வந்து வீட்டைக் கொண்டு போனால் ‘அல்லாஹ்வின் நாட்டம்’ என்கிறோம். துயருற்றவர் வாயிலிருந்து வரும்போது அது ஈமானுடைய சொல். அணையைக் காக்க வேண்டியவர் வாயிலிருந்து வந்தால்?

லிபியாவில் தெர்னா நகருக்கு மேலே, மழைக்காலத்தில் மட்டும் ஓடும் ஆற்றின் குறுக்கே 1970களில் இரண்டு அணைகள் கட்டப்பட்டன. அவற்றில் வெடிப்புகள் இருப்பது 1998லேயே தெரிந்துவிட்டது. பழுது பார்க்க ஒப்பந்தமும் ஆயிற்று; 2011ல் நாட்டில் குழப்பம் மூண்டதும் வேலை நின்றது. 2023 செப்டம்பர் 11 அதிகாலை இருட்டில், ‘டேனியல்’ புயல் மழையில் இரண்டும் உடைந்தன. உறங்கிய ஊரின் ஒரு பகுதி கடலுக்குள் போயிற்று. ஆயிரக்கணக்கானோர் மவுத்தானார்கள்.

நம் ஷாபிஈ பிக்ஹு நூல்களில் ஒரு மஸ்அலா உண்டு. ஒருவர் தம் வயலுக்கு வழக்கமான அளவு நீர் பாய்ச்ச, அது கசிந்து அண்டை வயலைக் கெடுத்தால் அவர்மீது ஈட்டுப் பொறுப்பு இல்லை. அளவு மீறிப் பாய்ச்சினாலோ, உடைப்பு இருப்பதை அறிந்தே பாய்ச்சினாலோ இழப்பீடு அவர் தலையில். ஓதிய காலத்தில் இதை வெறும் வயல் விவகாரம் என்றெண்ணிக் கடந்து போனேன். வரப்புக்கே இந்தச் சட்டமென்றால் அணைக்கு என்ன சொல்வது!

2024 ஜூலையில் தெர்னா நீதிமன்றம் 12 அதிகாரிகளுக்கு 9 முதல் 27 ஆண்டுகள் வரை சிறை விதித்தது. பலர் கை பட்ட குற்றம் எவருடையதும் அல்ல என்று ஆகிவிடவில்லை. அந்த மட்டில் நல்லது. ஆனால் சண்டையிட்டு வேலையை நிறுத்தியவர்கள்? அதிகாரமில்லாத பொறியாளர் எழுதி எச்சரித்திருந்தால், அவர் தம் அமானத்தை நிறைவேற்றியவர் என்றே எனக்குப் படுகிறது. அக்கடிதத்தை வாங்கி மேசைக்குள் வைத்தவரைப் பற்றி அப்படிச் சொல்ல நா எழவில்லை.