அரைக்கிலோ எடைக்கல்

கிரிவலம் வருகிறவர்களுக்குச் சலிப்பு தட்டுகிற இடம் எங்கள் ஊர். கிழக்கே பெரிய கோயிலில் கிளம்பி, தெற்கும் மேற்கும் சுற்றி அடி அண்ணாமலைக்கு வரும்போது 14 கிலோமீட்டரில் பாதியைச் சற்றுத் தாண்டியிருப்பார்கள். கிளம்பிய உற்சாகம் வடிந்திருக்கும். ராஜகோபுரம் மலைக்கு அந்தப் பக்கம், கண்ணில் படாது. திரும்பிவிடலாம் என்றாலும் ஏறக்குறைய அதே தூரம் நடக்க வேண்டும். பௌர்ணமி இரவில் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து காலை நீவிக்கொள்ளும் வெளியூர்க்காரர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "இன்னும் எவ்ளோ தூரம்ங்க?" உண்மையைச் சொன்னால் முகம் தொங்கிவிடும் என்பதால், "வந்துட்டீங்க, அவ்ளோதான்" என்று அம்மா கூசாமல் பொய் சொல்வாள்.

போன வருஷம் அதே கேள்வியை நான் ஜிம்மில் கேட்க ஆரம்பித்தேன்.

வயது 47. சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது. மாத்திரை இப்போதைக்கு வேண்டாம், எடையைக் குறைத்துத் தசையை ஏற்றுங்கள் என்றார் டாக்டர். சாப்பிட்டபின் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது தசைதானாம். முப்பதைத் தாண்டினால் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை அது கரைந்துகொண்டே போகும் என்கிறார்கள். அதாவது, என் குடோன் சுருங்கிக்கொண்டிருந்தது. சரக்கு மட்டும் மூன்று வேளையும் வந்து இறங்கிக்கொண்டிருந்தது.

முதல் இரண்டு மாதம் நான் பீமன். 20 கிலோ வெறும் கம்பியைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழ முடியாமல் ஆரம்பித்தவன், 50 கிலோவுக்கு வந்துவிட்டேன். கண்ணாடி முன்னால் நின்று தொடையைத் தட்டிப் பார்த்தேன். மாஸ்டருக்கு என் மகன் வயது இருக்கும். சிரித்துவிட்டு, "சார், இது தசை இல்ல, பழக்கம். நரம்பு வேலையக் கத்துக்கிச்சு, அவ்ளோதான். தசை இனிமேதான் வரும்" என்றார். பிறகு படித்துப் பார்த்தபோது அவர் சொன்னது சரி என்று தெரிந்தது. முதல் வாரங்களில் கூடும் பலத்தில் பெரும்பகுதி, இருக்கிற தசை நார்களை ஒருசேர வேலைக்கு அழைக்க மூளை கற்றுக்கொள்வதால் வருவது. தசை தடிப்பது அதற்குப் பின்னால் மெதுவாக நடக்கும். தசைநாண்கள் அதைவிட மெத்தனம். தசையைப் பார்த்து அவசரப்பட்டு எடையைக் கூட்டியவர்களின் முழங்காலும் தோளும்தான் முதலில் முறையிடும்.

60 கிலோவில் நின்றேன். ஒரு வாரம் இரண்டு வாரம் அல்ல, பதினொரு வாரம். வீட்டுத் தராசும் 82-ல் உறைந்துவிட்டது.

இந்தச் சமயத்தில் எல்லோரும் சொல்லும் வார்த்தை "பொறுமை". நானும் பொறுமையாக இருந்தேன். அதில் பாதி பொறுமை இல்லை என்று பிறகுதான் புரிந்தது. எங்கள் பக்கம் மல்லாட்டைக்கு, அதாவது நிலக்கடலைக்கு, குறைவில்லை. நாலு இட்லி சாம்பாரோடு சாப்பிட்டால் 10 கிராமைச் சுற்றித்தான் புரதம் கிடைக்கிறது. என் எடைக்கு ஒரு நாளைக்கு 68 கிராமாவது வேண்டும். அந்தக் குறையை வறுத்த மல்லாட்டையால் அடைக்கிறேன் என்று சாயங்காலம் 100 கிராம் கொறித்துக்கொண்டிருந்தேன். அதில் 25 கிராம் புரதம் உண்டு, சந்தோஷம். 560 கலோரியும் உண்டு. முதல் எண்ணை நோட்டில் எழுதினேன், இரண்டாவதைப் பார்க்கவே இல்லை. ஆறு வாரம் தராசு நகராததற்கு உடம்பைக் குறை சொல்லிக்கொண்டு, பொறுமைசாலி என்ற பெயரையும் எனக்கு நானே கொடுத்துக்கொண்டிருந்தேன். தப்பான பாதையில் நிதானமாக நடப்பதையும் நாம் பொறுமை என்றுதான் சொல்கிறோம். மல்லாட்டை ஒரு கைப்பிடியாகக் குறைந்து, இரண்டு முட்டையும் ஒரு கிண்ணம் கொள்ளுச் சுண்டலும் வந்தபின் தராசு அசைந்தது.

அதற்கு எதிர்ப்பக்கத் தவறும் செய்தேன். ஒரு பௌர்ணமியன்று நானும் கிரிவலம் போனேன். வழியெல்லாம் அன்னதானம். தொன்னையில் ஆவி பறக்கும் சாம்பார் சாதத்தை நீட்டுகிற கையிடம் "டயட்" என்று சொல்ல முடியுமா? மூன்று இடத்தில் வாங்கிச் சாப்பிட்டேன். மறுநாள் காலை தராசில் ஒன்றரைக் கிலோ ஏறியிருந்தது. அன்று முழுக்கப் பட்டினி கிடந்து, சாயங்காலம் தலை சுற்றி உட்கார்ந்தேன். கணக்குப் போட்டிருந்தால் பயந்திருக்க மாட்டேன். ஒன்றரைக் கிலோ கொழுப்பு ஏற வேண்டுமானால் தேவைக்கு மேல் 11,000 கலோரிக்கும் அதிகமாகச் சாப்பிட்டிருக்க வேண்டும். மூன்று தொன்னையில் அது அடங்காது. ஏறியது தண்ணீர். உப்பு பிடித்துவைத்தது கொஞ்சம். சோற்றின் மாவுச்சத்து உடம்பில் சேரும்போது ஒரு கிராமுக்குச் சுமார் 3 கிராம் நீரையும் சேர்த்தே வைத்துக்கொள்கிறது, அது கொஞ்சம். மூன்றாம் நாள் எல்லாம் இறங்கிவிட்டது.

அன்றிலிருந்து தினமும் எடை பார்த்தாலும், ஏழு நாளைக் கூட்டி வகுத்து வரும் எண்ணை மட்டும்தான் நம்புகிறேன். நாளுக்கு நாள் பார்த்தால் மலையும் பொய் சொல்லும். மேகம் இறங்கிய காலையில் எங்கள் வாசலிலிருந்து அண்ணாமலை பாதிதான் தெரியும். அதற்காக மலையின் 2,668 அடி உயரம் குறைந்துவிட்டது என்று யாரும் பதறுவதில்லை.

தராசு அசைந்தது, கம்பி அசையவில்லை. 60-க்கு மேல் போக வேண்டுமானால் ஜிம்மில் இருந்த மிகச் சிறிய பிளேட் 2.5 கிலோ. இரண்டு பக்கமும் போட்டால் ஒரே தாவலில் 5 கிலோ. அதை வைத்து மூன்று முறை உட்கார்ந்தேன். மூன்று முறையும் மாஸ்டர்தான் தூக்கிவிட்டார்.

வழி எங்கள் வீட்டுப் பரணில் இருந்தது. அப்பா மளிகைக்கடை வைத்திருந்தவர். கடையை எடுத்தபின்னும் எடைக்கற்களை அம்மா தூக்கிப் போடவில்லை. இரும்பில் வார்த்த ஆறுபட்டைக் கற்கள். அடியில் குழித்து ஈயம் ஊற்றி, அதில் முத்திரை குத்தியிருக்கும். இரண்டு தராசு ஓடிய கடை என்பதால் எல்லாம் ஜோடி. அப்பா கைபட்டு 500 கிராம் கற்களின் விளிம்பு மழுங்கியிருந்தது. கம்பியில் மாட்ட ஓட்டை கிடையாது. அம்மாவின் சுருக்குப்பைகள் இரண்டில் பைக்கொன்றாகப் போட்டு, முனைக்கொன்றாகத் தொங்கவிட்டேன். 61 கிலோ. ஜிம்மே சிரித்தது. தோளில் கம்பி, இரு முனையிலும் வெற்றிலைக்கறை படிந்த சுருக்குப்பை ஆட, உட்கார்ந்து எழுந்தேன். ஐந்து முறை. யாரும் தூக்கிவிடவில்லை.

தெற்கத்தி ஊர்களில், பையன்கள் தூக்கிப் பலம் காட்டும் இளவட்டக்கல் உண்டு. அதில் அரைக்கிலோ கூட்ட வழியில்லை, கல் ஒன்றுதான். பையன்கள் முழங்கால் வரை, அப்புறம் மார்பு வரை, அப்புறம் தோளுக்கு என்று உயரத்தில் படி அமைத்துக்கொண்டார்கள். எப்படியும் ஒரு சின்னப் படி வேண்டியிருக்கிறது. சின்ன அளவு கையில் இல்லாதவனைப் பொறுத்திரு என்று சொல்வது, தடுமாறுகிறவனைத் தைரியமாக இரு என்பது மாதிரிதான்.

பெரிய பளுதூக்கும் வீரர்கள் பாடும் வேறில்லை. வேலூர் சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 2014-ல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். தொடைக் காயத்திலிருந்து மீண்டு வந்து 2018-ல் கோல்டு கோஸ்டில் மறுபடியும் தங்கம். அப்போது தூக்கியது 317. நாலு வருஷத்தில் 11 கிலோ குறைவு. இதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். எண் கீழே வந்தால் எல்லாம் போச்சு என்று தோன்றும் நாட்களில் அந்தப் பக்கத்தைப் புரட்டுவேன்.

இதற்குள் 66-க்கு வந்திருக்கிறேன். பதினொரு வாரம் மறித்த 65-ஐ எந்த வாரம் தாண்டினேன் என்பது நோட்டைப் பார்த்தால்தான் தெரிகிறது. பெல்ட்டில் ஒரு ஓட்டை உள்ளே வந்திருக்கிறது. "இளைச்சிட்டியேடா" என்கிறாள் அம்மா, பாராட்டாக அல்ல, புகாராக. இன்னொரு கரண்டி களியோடுதான் அதைச் சொல்வாள்.

நேற்று கிளம்பும்போது மாஸ்டர் கூப்பிட்டார். "சார், அந்தக் கல்லு ரெண்டையும் இங்கயே வெச்சுட்டுப் போங்களேன். காலேஜ் பொண்ணு ஒண்ணு 30-லயே நிக்குது."

கல்லைக் கொடுத்துவிட்டேன். பையை மட்டும் உருவிக்கொண்டேன், அம்மா இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.