பிள்ளைகளிடம் கேட்கும் சமாதானம்

பெரியவர்கள் போட்ட வேலியைத் தாண்டிப் போய் விளையாடு என்று பிள்ளைகளை அனுப்புவது நியாயமா? 1993-இல் ஜான் வாலக் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் மேய்ன் மாநிலத்தில் ‘சீட்ஸ் ஆஃப் பீஸ்’ என்ற கோடை முகாமைத் தொடங்கினார். இஸ்ரேலிய, பாலஸ்தீன, எகிப்தியப் பிள்ளைகள் ஒரே கூரையின் கீழ் படுத்துறங்கி, ஒரே அணியில் பந்தாடினார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் வெள்ளை மாளிகையில் இஸ்ரேலியப் பிரதமர் ராபினும் பாலஸ்தீனத் தலைவர் அராஃபத்தும் கைகுலுக்கியபோது முகாம் பிள்ளைகளும் அங்கே நின்றார்கள். ஏழே ஆண்டு. 2000 அக்டோபரில், அந்த முகாமுக்குப் போய்வந்த 17 வயது அரபுப் பையன் ஒருவன் இஸ்ரேலியப் போலீஸ் சுட்டு இறந்தான். அப்போது அவன் போட்டிருந்தது முகாமில் கொடுத்த பச்சைச் சட்டை.

மலேசியாவில், பேராக் மாநிலத்துத் தைப்பிங்கில் இருந்துகொண்டு இதை யாருக்கோ நேர்ந்த கதையாகத் தள்ளிவிட முடியாது. இங்கே துப்பாக்கி இல்லைதான். ஆனால் ஏழு வயதிலேயே பிள்ளைகள் தேசியப் பள்ளி, சீனப்பள்ளி, தமிழ்ப்பள்ளி என்று மூன்று வாசலில் நுழைந்துவிடுகிறார்கள். அதற்கு அரசு கண்ட மருந்தும் முகாம்தான். 1980களில் மாணவர் ஒருமைப்பாட்டுத் திட்டம் என்று பக்கத்துப் பள்ளிகளைச் சேர்த்து விளையாட்டும் கூட்டுப் பணியும் நடத்தினார்கள். 2004-இல் தேசிய சேவைப் பயிற்சி வந்தது. பள்ளி முடித்த இளைஞர்களில் பெயர் விழுந்தவர்கள் மூன்று மாதம் முகாமில் இருக்க வேண்டும். 2018-இல் அதைக் கைவிட்டார்கள். 2025-இல் 45 நாள் பயிற்சியாக மறுபடி கொண்டுவந்திருக்கிறார்கள்.

தமிழ்ப்பள்ளியை மூடினால் ஒற்றுமை வந்துவிடும் என்பவர்கள் பழைய கணக்கை மறந்துவிடுகிறார்கள். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகமே பள்ளி வைக்க வேண்டும் என்றது. தொழிலாளர் லயத்துக்கு அருகில் ஒரு கொட்டகை, ஓர் ஆசிரியர். பேராக்கின் பல தமிழ்ப்பள்ளிகள் அப்படிப் பிறந்தவை. பால்மரம் வெட்டப் போன தாய்க்கும் தகப்பனுக்கும் வேறு பள்ளி எட்டியிருக்காது. ஆக, பிள்ளைகளைப் பிரித்துவைத்தவர்கள் பிள்ளைகள் இல்லை. சேர்ந்து காட்டு என்று மட்டும் அவர்களிடம் கேட்கிறோம்.

இந்த ஊரே வேறு விதமான சமாதானத்தைப் பார்த்திருக்கிறது. லாரூட் ஈயச் சுரங்கங்களுக்காக 1861 முதல் ஹாய் சான், கீ ஹின் என்ற இரண்டு சீனச் சங்கங்கள் வெட்டிக்கொண்டன. இன்றைய தைப்பிங் ஒரு தரப்பின் பிடியில், கமுண்டிங் மறுதரப்பின் பிடியில். 1874 ஜனவரியில் பங்கோரில் சமாதானம் பேசியபோது, அமைதி குலைந்தால் 50,000 டாலர் கட்டுகிறோம் என்று இரு தரப்புத் தலைவர்களும் எழுதிக் கொடுத்தார்கள். பிறகு ஆங்கிலேயர் நியமித்த ஆணையர்கள் வந்து மரக்கோட்டைகளைப் பிரித்தெறிந்தார்கள். சிறைபிடித்து வைத்திருந்த பெண்களைத் தேடி மீட்டார்கள். ஆங்கிலேயர்களுக்கு இதில் கிடைத்த லாபம் தனிக்கதை. ஆனால் சண்டை போட்டவர்களே பிணை நின்றார்கள்; யாரும் தன் பிள்ளையைப் பிணையாக அனுப்பவில்லை.

அதனால் முகாமே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? அதற்கும் மனம் ஒப்பவில்லை. அந்த மேய்ன் முகாமுக்குப் போன பிள்ளைகளைச் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். எதிர்த்தரப்பில் நெருங்கிய நண்பன் ஒருவனாவது கிடைத்த பிள்ளையிடம் மாற்றம் கூடுதலாக இருந்தது. ஊர் திரும்பியபின் அந்த மாற்றம் தேய்ந்தாலும் முழுக்க அழிந்துவிடவில்லை. ஒரே ஒரு நண்பன்! சொற்பொழிவும் கொடிவணக்கமும் செய்யாததை அவன் செய்திருக்கிறான். பிள்ளைக்கு இப்படியொரு நண்பன் கிடைக்கும் வழியை, பெரியவர்கள் சரியில்லை என்ற காரணத்துக்காக அடைப்பது இன்னொரு அநியாயம்.

எந்த மாதிரி முகாம் என்பதில்தான் அறம் இருக்கிறது. உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-இல் எழுதிய நூலில், இரு கூட்டத்தார் பழகினால் மட்டும் வெறுப்பு குறையாது, சமநிலையில் பழக வேண்டும் என்றார். இங்கே நடக்கும் ஒரு வார முகாமின் முதல் நாள் சாப்பாட்டு வரிசையைப் பார்த்தால் இது புரியும். சமையல் ஹலால், அது சரியே. மாட்டிறைச்சி ரெண்டாங் வைத்திருக்கும் மேசைக்கு முன்னால் தட்டோடு நிற்கிற தமிழ்ப் பெண்பிள்ளை ஒவ்வொரு வேளையும், “இது என்ன? இது நான் சாப்பிடலாமா?” என்று மலாயில் கேட்டுக்கொண்டே நகர வேண்டும். நெற்றியில் என்ன பொட்டு, ஏன் அந்தக் கையில் கயிறு, ஏன் நீ கறுப்பு: இத்தனைக்கும் அவள்தான் பதில் சொல்ல வேண்டும், அதுவும் அடுத்தவர் மொழியில். எதிரே இருப்பவன் கெட்டவனில்லை, அவனுக்கு உண்மையிலேயே தெரியாது. ஆனால் ஒரு வாரம் முடியும்போது அவன் ஒரு தோழியோடு வீடு திரும்புகிறான். அவள் ஒரு வாரம் வகுப்பு எடுத்த களைப்போடு திரும்புகிறாள். சிறுபான்மைப் பிள்ளையின் தோளில் இந்தச் சுமையை ஏற்றிவிட்டு அதற்கு நட்பு என்று பெயர் வைப்பதைத்தான் ஏற்க முடியவில்லை. அவன் நாலு வார்த்தை தமிழ் பழகட்டும். அவளுக்கான சாப்பாட்டில் என்ன இருக்கிறது என்று சமையற்கட்டில் இருப்பவர்கள் எழுதி வைக்கட்டும். இதற்கெல்லாம் பெரிய செலவில்லை.

இன்னொன்று, பிள்ளைகள் சிநேகமாகிறார்களா என்று கணக்குப் பார்ப்பதை நிறுத்த வேண்டும். படம் பிடித்து, மூன்று நிறத்துப் பிள்ளைகளைத் தோளில் கைபோடச் சொல்லி அறிக்கையில் ஒட்டுவது, அவர்களை ஒரு காரியத்துக்குக் கருவியாக்குவது. ஒரு பிள்ளைக்கு இன்னொரு பிள்ளையைப் பிடிக்காமல் போகலாம். இனம் எதுவானாலும் அந்த உரிமை அதற்கு உண்டு.

பிடித்துப்போனால்? அப்போதுதான் பெரியவர்களின் வேலை தொடங்குகிறது. ஒருத்தி கமுண்டிங் பக்கம் மலிவுவிலை அடுக்குமாடியில் இருக்கிறாள், மற்றவள் செலாமா சாலையில் ஒரு கம்பத்தில். நடுவே பஸ் சரியாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை மகளை மோட்டாரில் ஏற்றிக்கொண்டு போய் விட்டு, அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வர எந்த அப்பா தயார்?