எண்ணிக்கையும் நியாயமும்

பெரும்பான்மையோரின் முடிவுப்படி நடப்பது மக்களாட்சி. அப்படியானால், கூடுதலான கைகள் உயர்ந்துவிட்டன என்பதற்காகவே ஒரு முடிவு நியாயமாகிவிடுமா? இலங்கையின் அம்பாறைக் கரையோரத்தில் இது அன்றாடக் கேள்வி.

2012 குடிசன மதிப்பீட்டின்படி அம்பாறை மாவட்டத்தில் முஸ்லிம்கள் ஏறத்தாழ 43 வீதம், சிங்களவர் 39 வீதம், தமிழர் 17 வீதம். நாடளவில் அப்போது முஸ்லிம்கள் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கொழும்பில் சிறுபான்மையாக நின்று உரிமை கேட்கும் முஸ்லிம்கள் இந்தக் கரையோரத்துக் கல்முனையில் பெரும்பான்மை. கல்முனையில் சிறுபான்மையாக நின்று உரிமை கேட்கும் தமிழர்கள் மட்டக்களப்பு மாவட்டத்தில் பெரும்பான்மை. ஓரிடத்தில் கேட்கும் நிலையில் இருப்பவரே இன்னோரிடத்தில் கொடுக்கும் நிலையில் இருக்கிறார்.

ஐக்கிய அமெரிக்காவின் அரசியலமைப்பு வரையப்பட்ட 1787ஆம் ஆண்டிலேயே ஜேம்ஸ் மடிசன் பெரும்பான்மையால் வரும் ஆபத்தைப் பற்றி எழுதினார். பெரும்பான்மை தன் நலனுக்காக ஒன்றுசேர்ந்தால் மற்றவரின் உரிமையை மிதித்துவிடும் என்பது அவருடைய அச்சம். அதைத் தடுக்க அங்கே அதிகாரம் மூன்றாகப் பிரிக்கப்பட்டது. பெரிய மாநிலத்துக்கும் சிறிய மாநிலத்துக்கும் செனட் சபையில் இரண்டு இரண்டு இடங்களே வைக்கப்பட்டன. 1791இல் வந்த உரிமைத் திருத்தங்கள், சட்டமன்றமும் தொடக்கூடாத சிலவற்றை வரையறுத்தன. ஆனால் அதே அரசியலமைப்பின் கீழ் 1865 வரை மனிதர் அடிமைகளாக இருந்தனர். எழுத்தில் பாதுகாப்பு இருந்தும் பலன் இல்லாத அனுபவம் இலங்கையில் நமக்கும் உண்டு. சுதந்திரத்தின்போது நடைமுறையில் இருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு, ஓர் இனத்துக்கு மட்டும் பாதகமான சட்டத்தைத் தடுத்தது. அது நடைமுறையில் இருந்தபோதுதான் 1948 குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரில் பெரும்பாலோர் நாடற்றவராயினர். தனக்குக் கேட்பதைப் பிறருக்கும் கொடுக்கும் மனம் இல்லாத இடத்தில் எழுத்திலுள்ள பாதுகாப்பு உதவாது.

கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தும்படி தமிழர்கள் கேட்டுவந்தனர்; அதற்காக 2019 ஜூனில் உண்ணாவிரதம் நடந்தது. காணியும் எல்லையும் பிரிந்து தங்கள் நகரம் துண்டாடப்படும் என்று முஸ்லிம்கள் பலர் எதிர்த்தனர். கல்முனையிலிருந்து பிரித்துத் தரும்படி சாய்ந்தமருது மக்கள் கேட்ட தனி உள்ளூராட்சிச் சபைக்கு 2020 பெப்ரவரியில் வர்த்தமானி வெளியாகி, சில நாட்களிலேயே நிறுத்தப்பட்டது. இவற்றில் எந்தத் தரப்பின் அச்சமும் பொய்யல்ல. கேட்கும் ஒவ்வொருவருக்கும் ஓர் எல்லை கீறினால் பொதுநிர்வாகமே சிதறும் என்ற வாதத்திலும் உண்மை உண்டு. சிறுபான்மை எதையும் தடுக்கலாம் என்றால் எந்த வேலையும் நகராது.

ஆகவே எதை எண்ணிக்கை தீர்மானிக்கலாம், எதைத் தீர்மானிக்கக்கூடாது என்று பிரித்தறிய வேண்டும். வரவு செலவில் எந்தத் திட்டம் முந்துவது என்பதை வாக்கெடுப்பு தீர்க்கலாம். ஒருவருக்குத் தன் மொழியில் சேவை, தன் காணிக்கு உறுதி, உயிருக்குப் பாதுகாப்பு கிடைக்குமா என்பதை வாக்கெடுப்புக்கு விடக்கூடாது. மாரியில் கிட்டங்கித் தாம்போதியை வெள்ளம் மூடினால், சவளக்கடைப் பக்கத்திலிருந்து கல்முனை ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட நோயாளி தன் கரையிலேயே நிற்க வேண்டியதுதான். அவர் தமிழரா முஸ்லிமா, அந்த ஊரில் எத்தனை வாக்குகள் என்று கணக்குப் பார்த்து அந்தப் பாதைக்குப் பணம் ஒதுக்குவது அநீதி.

அதிகாரத்தைப் பகிர்வதற்கென்று அமைந்த கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017இல் முடிந்தது. அதன்பின் அதற்குத் தேர்தலே நடக்கவில்லை. அதிகாரத்தைப் பகிருமாறு கொழும்பிடம் கேட்பது நம் உரிமை. அதே பங்கை நம் ஊரில் எண்ணிக்கையில் குறைந்த அயலவருக்குக் கொடுப்பது நம் கடமை. கடமையைச் செய்யாதவர் அந்த உரிமையைக் கேட்கும் தகுதியை இழக்கிறார்.